பவர் வால்வு செட்டிங்: முதலில் இரண்டு முனைகள், அப்புறம்தான் நேரம்

சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஓடுவதற்கு முன்பே, சில டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் டேங்குக்கு அடியிலிருந்து 'விர்ர்... டக்' என்று ஒரு சத்தம் வரும். முதல்முறை கேட்பவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைப்பார்கள். ஒன்றும் உடையவில்லை. புகை வெளியேறும் ஓட்டையின் உயரத்தை மாற்றும் எக்ஸாஸ்ட் பவர் வால்வை இயக்கும் சர்வோ மோட்டார், வால்வை ஒருமுறை முழுதாகத் திறந்து மூடிப் பார்த்துக்கொள்கிறது. ஓட்டத் தொடங்கும் முன் அது எடுக்கும் சோம்பல் முறிப்பு, அவ்வளவுதான். ஒட்டியிருக்கும் கரியும் அந்த அசைவில் கொஞ்சம் உதிரும்.

இந்த வால்வைப் பற்றிப் புதிதாக வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்) திறக்கணும்?" என்பதுதான். என்னைக் கேட்டால், அது கடைசியாக வர வேண்டிய கேள்வி. மூடிய நிலையில் வால்வு எங்கே போய் நிற்கிறது, திறந்த நிலையில் எங்கே போய் நிற்கிறது என்ற இரண்டு முனைகளும் சரியாக இல்லாதவரை, நேரத்தைத் திருகிக்கொண்டிருப்பது வீண் வேலை. ஏன் என்பது புரிய, வால்வு எதற்கு வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

டூ ஸ்ட்ரோக் சிலிண்டரில் புகை வெளியேறுவதற்குச் சுவரில் ஒரு ஓட்டை, அதாவது எக்ஸாஸ்ட் போர்ட். பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்த ஓட்டை திறக்கும், ஏறும்போது மூடும். போர்ட்டின் மேல் விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் திறக்கும், அவ்வளவு தாமதமாக மூடும். சிலிண்டரைக் கடைந்து முடித்த அன்றே அந்த உயரம் முடிவாகிவிடுகிறது. பிறகு இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினாலும் 10,000-இல் ஓடினாலும் அதே உயரம்தான். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எக்ஸாஸ்ட் போர்ட் ஒரு சுற்றில் 190 டிகிரி திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகத்துக்காகச் செய்த இன்ஜினில் இது வழக்கமான அளவுதான். 10,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 6 மில்லிசெகண்ட். அதில் 190 டிகிரி என்றால் சுமார் 3.2 மில்லிசெகண்ட். இப்போது வயிறு பெருத்த அந்த சைலன்சரைப் பாருங்கள், எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்பார்களே அதுதான். போர்ட் திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாய்க்குள் பாய்ந்து, பின்பக்கக் கூம்பில் மோதித் திரும்பி வருகிறது. சூடான புகையில் அந்த அலையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர். கூம்பு 80 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்ப 1.6 மீட்டர், அதாவது 3.2 மில்லிசெகண்ட். போர்ட் மூடப்போகும் அதே கணத்தில் அலை வந்து, வெளியே நழுவிய புதுக் கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. டூ ஸ்ட்ரோக் திடீரென்று 'ஏறிக்' கத்துவதன் ரகசியம் இதுதான்.

அதே இன்ஜினை 3,000 ஆர்பிஎம்மில் ஓட்டுங்கள். இப்போது 190 டிகிரிக்கு 10.6 மில்லிசெகண்ட் ஆகிறது. அலையோ 3.2-லேயே வந்து போய்விடும். அதற்குப் பிறகு 7 மில்லிசெகண்டுக்கு மேல் கதவு திறந்தே கிடக்கிறது. புதுக் கலவை வெளியே போய்க்கொண்டிருக்கும், தள்ளி விட ஆளில்லை. கீழே, அதாவது குறைந்த ஆர்பிஎம்மில், இழுக்காத, பிளக் ஈரமாகும், மேலே போனால் மட்டும் பறக்கும் வண்டி என்பது இப்படித்தான் உருவாகிறது.

பவர் வால்வு செய்வது ஒன்றே ஒன்று. குறைந்த வேகத்தில் போர்ட்டின் கூரையை, அதாவது மேல் விளிம்பை, கீழே இறக்கிவிடும் (இதுதான் மூடிய நிலை), வேகம் ஏறும்போது கூரையை மேலே தூக்கிவிடும் (இது திறந்த நிலை). கடைக்காரர் வெயிலுக்குத் தக்கபடி ஷட்டரை ஏற்றி இறக்குவதைப் போல. இறக்கினால் மூன்று மில்லிசெகண்ட் அலையோடு கணக்கு முழுதாகப் பொருந்திவிடாது, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் கலவை நழுவும் நேரம் குறைகிறது, எரிந்த வாயு பிஸ்டனை இன்னும் கொஞ்ச தூரம் தள்ளுகிறது, ஏறி வரும்போது கலவை முன்கூட்டியே அடைபட்டு அதிகமாக அழுத்தப்படுகிறது. கீழே கிடைக்கும் இழுவை இந்த மூன்றும் சேர்ந்ததுதான்.

இப்போது செட்டிங்குக்கு உண்மையில் பயன்படும் ஒரு எண். 125 சிசி இன்ஜின், ஸ்ட்ரோக் 54.5 மி.மீ., கனெக்டிங் ராடு 105 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால், 190 டிகிரிக்கு போர்ட்டின் கூரை பிஸ்டனின் உச்ச நிலையிலிருந்து சுமார் 28.4 மி.மீ. கீழே இருக்கும். 165 டிகிரிக்கு அதே கூரை 34.3 மி.மீ.-இல் இருக்க வேண்டும். 25 டிகிரி வித்தியாசத்துக்கு வால்வு நகர வேண்டிய தூரம் 6 மி.மீ.கூட இல்லை! திருப்பிச் சொன்னால், வால்வு 1 மி.மீ. தப்பாக நின்றால் போர்ட் திறந்திருக்கும் காலம் சுமார் 4 டிகிரி மாறிவிடும். கேபிளில் கொஞ்சம் தளர்ச்சி, லாக் நட்டில் அரைச் சுற்று என்பதெல்லாம் இந்த இன்ஜினுக்குச் சின்ன விஷயம் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு பழைய 250 சிசி ட்வின் (இரட்டை சிலிண்டர் வண்டி) மேலே போகப்போக மூச்சடைத்ததுபோல் நின்றது. கார்புரேட்டர்தான் என்று முடிவுகட்டி, அதில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை ஒரு வாரத்தில் மூன்று முறை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் 'கொஞ்சம் பரவாயில்லை' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு பக்க கேபிளின் லாக் நட் தளர்ந்து, முழுதாகத் திறந்த நிலையிலும் வால்வு 2 மி.மீ. அளவுக்குப் போர்ட்டுக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறது. எட்டு டிகிரி காணாமல் போயிருந்தது. ஜெட்டுகளுக்குச் செலவழித்த பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

உங்கள் வண்டியில் எந்த வகை?

யமஹா இதை 1970-களின் பிற்பகுதியில் ரேஸ் வண்டிகளில் போட்டுப் பார்த்து, 1983-இல் ஆர்டி350 வைபிவிஎஸ் (யமஹா பவர் வால்வு சிஸ்டம்) மூலம் சாலைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் சூட்டியது: கவாசாகியின் கிப்ஸ், சுஸுகியின் ஏஇடிசி, ரோட்டாக்ஸின் ரேவ் என்று. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வால்வின் உருவத்தையும், அதை எது தள்ளுகிறது என்பதையும் தெரிந்துகொண்டால் போதும்.

உருவத்தில் இரண்டு முக்கிய வகை. ஒன்று டிரம்: ஒரு பக்கம் செதுக்கிய உருளை, தன் அச்சில் சுழன்று கூரையை ஏற்றி இறக்கும். மற்றொன்று பிளேடு: தகடு ஒன்று சாய்வாகச் சறுக்கி உள்ளே வரும், வெளியே போகும். போர்ட்டின் உயரத்தைத் தொடாமல், பக்கத்தில் இருக்கும் ஒரு அறையைத் திறந்து மூடி எக்ஸாஸ்டின் கொள்ளளவை மாற்றும் வகையும் உண்டு. ஹோண்டாவின் பழைய ஏடிஏசி அப்படிப்பட்டது. அந்த வகைக்குக் கீழே சொல்லப்போகும் 'கூரையோடு சமம்' என்ற விதி பொருந்தாது.

தள்ளுவது எது என்பதிலும் வித்தியாசம் உண்டு. சாலை வண்டிகள் பலவற்றில் சர்வோ மோட்டாரும் இரண்டு கேபிள்களும். மோட்டோகிராஸ், எண்டியூரோ போன்ற மண்பாதை வண்டிகளில் பெரும்பாலும் கவர்னர்: இன்ஜினோடு சேர்ந்து சுழலும் குண்டுகள் வேகம் ஏற ஏற வெளியே ஒதுங்கி, ஒரு ஸ்பிரிங்கை எதிர்த்து கம்பியைத் தள்ளும். ரோட்டாக்ஸ் ரேவ் வகையில் எக்ஸாஸ்டின் அழுத்தமே ஒரு ரப்பர் உறையை ஊதி வால்வை வெளியே இழுக்கும். மின்காந்தத்தால் இழுக்கும் சோலினாய்டு வகையும் இருக்கிறது. அது திறந்ததா மூடியதா என்ற இரண்டே நிலைதான், நடுவில் எதுவும் கிடையாது.

கையால் ஆட்டிப் பாருங்கள்

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சைலன்சரைக் கழற்றுங்கள், பிளக்கையும் எடுத்துவிடுங்கள். வால்வின் பக்க மூடியைத் திறந்து, கேபிளையோ கம்பியையோ விடுவித்து, வால்வை மட்டும் தனியாக விரலால் நகர்த்திப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் எங்காவது பிடித்தால், மேற்கொண்டு எதையும் செட் செய்யாதீர்கள். முதலில் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்ய வேண்டும்.

கரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டுவது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வால்வு அலுமினியமாக இருந்தால், ஒரு கோடு விழுந்தால் அடுத்த முறை கரி அங்கேயே வந்து குடியேறும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் தேயுங்கள், பொறுமையாக. அடுப்புச் சுத்தம் செய்யும் காரமான ஸ்ப்ரேக்கள் கரியை அருமையாகக் கரைக்கும், கூடவே அலுமினியத்தையும் அரிக்கும். அச்சின் ஓரத்தில் உள்ள ஆயில் சீலும் ஓ-ரிங்கும் கடினமாகிப்போயிருந்தால் மாற்றிவிடுங்கள். வால்வு மூடியைச் சுற்றிக் கருப்பாக எண்ணெய் கசிந்திருந்தால் இவைதான் காரணம். திரும்பப் பூட்டும்போது அச்சில் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில் தடவினால் போதும். பழைய டிரம் வகைகளில் இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பிடிக்கும் போல்டுக்கு, கழலாமல் பிடிக்கும் த்ரெட் லாக் பசை போட மறக்காதீர்கள். அது கழன்றால் பாதி வால்வு போய் விழும் இடம் பிஸ்டனின் தலை.

திறந்த முனை

வால்வைக் கையால் முழுதாகத் திறந்து வைத்து, பிஸ்டனை அடியில் இறக்கிவிட்டு, எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வின் கீழ் விளிம்பும் போர்ட்டின் கூரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. சுண்டுவிரல் நகத்தால் கூரையிலிருந்து வால்வு வரை வருடிப் பாருங்கள், நகம் எங்கும் இடறக் கூடாது. துல்லியமாகக் கிடைக்கவில்லை, ஏதாவது ஒரு பக்கம் தவற வேண்டும் என்றால், வால்வு கூரைக்குள் ஒரு முடியளவு ஒதுங்கி இருப்பதே மேல். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உச்ச வேகம் அப்படியே குறையும்.

ட்வின் இன்ஜினில் இரண்டு சிலிண்டரையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டு வால்வுகளையும் நடுவில் சேர்க்கும் இணைப்பு தேய்ந்திருந்தால், இடது பக்கம் சமமாகவும் வலது பக்கம் தொங்கிக்கொண்டும் இருக்கும். எந்த கேபிள் செட்டிங்கும் அதைச் சரிசெய்யாது.

மூடிய முனை

இங்கே பார்க்க வேண்டியது பிஸ்டன் வால்வில் உரசுகிறதா என்பது. முக்கியமாக பிளேடு வகையில். பிளேடின் முனையில் மார்க்கர் பேனாவால் மை பூசி, வால்வை முழுதாக மூடி, கிராங்கைக் கையால் மெதுவாக இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். மை அழிந்திருந்தால் பிஸ்டனோ ரிங்கோ தொடுகிறது என்று பொருள். இன்ஜின் சூடானால் பிஸ்டன் இன்னும் விரியும், ஆகவே ஆறிய நிலையில் மயிரிழையில் தப்புவது தப்பித்தது ஆகாது. மேனுவலில் உள்ள இடைவெளி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் அளந்துவிடுங்கள்.

சிலிண்டரை போர் செய்து பெரிய பிஸ்டன் போட்டவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சுவர் வெளிப்பக்கம் நகர்ந்துவிட்டது, பிளேடு பழைய இடத்திலேயே நிற்கிறது. போர் செய்த இடத்தில் பிளேடைத் தீட்டிக் கொடுத்தார்களா என்று கேட்காமல் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கேபிள்

இரண்டு முனையும் தேறிய பிறகு கேபிளுக்கு வரலாம். சர்வோ வண்டிகளில் இரண்டு கேபிள்: ஒன்று திறக்க இழுப்பது, மற்றொன்று மூட இழுப்பது. வால்வின் ஓரத்தில் உள்ள புல்லியில் ஒரு வெட்டுக் குறியோ ஒரு சிறு துளையோ இருக்கும். அதற்கு நேராக மூடியிலோ சிலிண்டரிலோ இன்னொரு குறி. சாவியைப் போட்டு, சர்வோ தன் சுற்றை முடித்து ஓய்வு நிலைக்கு வந்ததும் இரண்டு குறிகளும் நேருக்கு நேர் வர வேண்டும். துளை வகையாக இருந்தால், பொருத்தமான ஒரு ஊசியையோ டிரில் பிட்டையோ துளை வழியாகச் செருகிப் புல்லியை அசையாமல் நிறுத்திக்கொண்டு வேலை செய்வது சுலபம். எந்த நிலையில் குறி சேர வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், இதற்கு மட்டும் உங்கள் மாடலின் மேனுவலைத் தவிர வேறு யாரையும் நம்பாதீர்கள், நான் உட்பட.

குறி சேரவில்லை என்றால், ஒரு கேபிளைத் தளர்த்தியபின் மற்றதை இறுக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் இறுக்கினால் புல்லி நகராது, கேபிள்தான் விறைக்கும். இறுக்கமான கேபிள் நல்லது என்று தோன்றும், ஆனால் அதில்தான் சர்வோ திணறும்; வால்வு முனையை எட்டும் முன்பே மோட்டார் முக்கி நிற்கும், சூடாகும், நாளடைவில் ஃபியூஸ் போகும். புல்லியை விரலால் ஆட்டினால் மிகச் சிறிய ஆட்டம் ஒன்று தெரிய வேண்டும். அதைக் காதால்கூடக் கண்டுபிடிக்கலாம்: சரியான கேபிளில் சர்வோ 'விர்ர்' என்று ஓடி 'டக்' என்று நிற்கும். இறுக்கமான கேபிளில் கடைசியில் ஒரு முனகல் கேட்கும்.

லாக் நட்டை இறுக்கியபின் மறுபடியும் குறியைப் பாருங்கள். நட்டை இறுக்கும்போதே அட்ஜஸ்டர் கூடச் சுற்றிக்கொள்வது இந்த வேலையில் பழைய வியாதி. பிறகு வேறு ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, நீங்கள் டார்ச்சோடு போர்ட்டைப் பாருங்கள். கையால் திறந்தபோது வந்த அதே இடத்துக்கு சர்வோ கொண்டுபோகிறதா? போகிறது என்றால் வேலை முக்கால்வாசி முடிந்தது. பேட்டரி பலவீனமாக இருந்தால் இந்தச் சோதனையே பொய் சொல்லும், அதனால் முதலில் நன்றாக சார்ஜ் செய்துகொள்ளுங்கள். சர்வோ ஒரே இடத்தில் நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தால், அதற்குள் நிலையைக் காட்டும் சிறு மின்தடை தேய்ந்திருக்கலாம். அது கேபிள் பிரச்சினை அல்ல.

இப்போது நேரம்

சர்வோ வகையில் எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு திறக்க வேண்டும் என்பது கண்ட்ரோல் பெட்டிக்குள் பதிந்திருக்கிறது. முனைகள் சரியாக இருந்தால் அதை நோண்டத் தேவையில்லை. சைலன்சரையோ போர்ட்டையோ மாற்றியவர்களுக்குத்தான் வேறு கண்ட்ரோலர் தேவைப்படும்.

கவர்னர் வகையில் நேரத்தை ஸ்பிரிங் தீர்மானிக்கிறது. ஸ்பிரிங்கை முன்கூட்டி அழுத்தும் திருகு இருந்தால், உள்ளே திருகினால் வால்வு தாமதமாகத் திறக்கும், வண்டி நிதானமாக ஏறும். வெளியே திருகினால் சீக்கிரம் திறக்கும், உதை பலமாக இருக்கும். ஒரு நேரத்தில் கால் அல்லது அரைச் சுற்றுக்கு மேல் போகாதீர்கள், ஆரம்பத்தில் எங்கே இருந்தது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் உதை பலமாக இருப்பதையே 'பவர் கூடியது' என்று எடுத்துக்கொள்வார்கள். உதை பலமாக இருப்பது, அதற்கு முன்னால் இருந்த பள்ளம் ஆழமாகிவிட்டதாலும் இருக்கலாம். நல்ல செட்டிங்கில் வால்வு திறந்த கணமே தெரியாது, இழுவை மட்டும் அறுபடாமல் ஏறிக்கொண்டே போகும்.

ரேவ் வகையில் மேலே ஒரு சிவப்புத் திருகு இருக்கும். அதன் தலை மூடியோடு சமமாக இருப்பதிலிருந்து தொடங்கலாம். உள்ளே போனால் தாமதம், வெளியே வந்தால் சீக்கிரம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது திருகை அல்ல, ரப்பர் உறையை. அதில் ஊசிமுனை அளவு கிழிசல் இருந்தாலும் அழுத்தம் நிற்காது, வால்வு திறக்கவே திறக்காது, வண்டி குறிப்பிட்ட ஆர்பிஎம்மோடு நின்றுவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது இரண்டு அறிகுறிகளைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். கீழே நன்றாக இழுத்து, மேலே எவ்வளவு முறுக்கினாலும் ஏறாமல் தட்டையாக நின்றால், வால்வு மூடியபடி ஒட்டியிருக்கலாம். கீழே செத்துப்போய், திடீரென்று ஒரு இடத்தில் பிய்த்துக்கொண்டு ஓடினால், திறந்தபடியே நிற்கிறது. சந்தேகமாக இருந்தால் பக்க மூடியைக் கழற்றி வைத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜின் சூடானதும் ஒரே ஒரு முறை ஆக்சிலேட்டரை முறுக்கி புல்லியையோ கம்பியையோ பாருங்கள். கவர்னர், சர்வோ வகைகளில் நகர்வது கண்ணுக்குத் தெரியும்.

சுத்தம் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது ஆயிலையும் ஓட்டும் விதத்தையும் பொறுத்தது. எப்போதும் மெதுவாகவே ஓட்டப்படும் வண்டியில்தான் வால்வு சீக்கிரம் ஒட்டும், அது கூரைவரை போகவே வாய்ப்பு கிடைப்பதில்லை. ஜாசோ எஃப்டி தர (டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கான ஜப்பானியத் தர வகை) ஆயில் கரியைக் கொஞ்சம் கட்டுக்குள் வைக்கும். ஆயில் அளவை 'பாதுகாப்புக்கு இருக்கட்டும்' என்று கூட்டுவதால் வால்வில் சேர்வது பிசின்தான்.

சைலன்சரைத் திரும்ப மாட்டும்போது புது கேஸ்கெட்டோ ஓ-ரிங்கோ போட்டு, ஸ்பிரிங்குகள் சரியாக இழுத்துப் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். இணைப்பில் புகை கசிந்தால் திரும்பி வரும் அலை பலவீனமாகும், வால்வு சரியாக இருந்தும் மேலே மந்தமாகத் தெரியும். இவ்வளவும் பார்த்த பிறகும் மேலே ஏறவில்லை என்றால், இப்போது தாராளமாக மெயின் ஜெட்டைக் கழற்றலாம்.